ஓய்வுக் காலத்தில் பியானோ

மத்திய அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது முன்னர் 55 ஆக இருந்தது. 1962-இல் அது 58 ஆயிற்று; 1998-இல் 60 ஆயிற்று. அவ்வரம்பு உயர்ந்ததைக் காட்டிலும் விரைவாக மக்களின் சராசரி வாழ்நாள் உயர்ந்துள்ளது. ஆதலின், அலுவலகப் படியை இறுதியாக இறங்கி வருபவர் கையில் பதினைந்து ஆண்டுகளோ இருபது ஆண்டுகளோ எஞ்சுகின்றன. தலயாத்திரை, செய்தித்தாள், மாலை நடை என்று துணைகள் பல உண்டெனினும், அவை நாள் முழுவதையும் நிரப்ப வல்லன அல்ல. இந்நிலையில் இசை கற்கத் தொடங்குவோர் உளர். அவர்களுள் சிலர் பியானோவின் முன் அமர்கின்றனர். பேரப்பிள்ளைக்கென வாங்கிய மின் பியானோ கூடத்தின் மூலையில் இருக்க, பிள்ளை பள்ளிக்குச் சென்ற வேளையில் பாட்டனார் அதன் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பது, வெளிமாநிலத் தமிழர் இல்லங்களில் இன்று காணக்கூடிய காட்சியே.

சுற்றத்தார் இதற்கு இரண்டு தடைகளை எழுப்புவர். அறுபதுக்கு மேல் விரல் வளையுமா என்பது ஒன்று. வீணையும் குழலும் நமக்கு இருக்க, இந்த அயல்நாட்டுப் பெட்டி எதற்கு என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான வினாக்களே. இரண்டிற்கும் நம் இசை வரலாற்றில் விடை உண்டு. அவ்விடைகளைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். பியானோவை ஆக்கியவர் பார்த்தலோமியோ கிறிஸ்டோபோரி என்பவர். இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் மெடிசி குடும்பத்தாரின் இசைக்கருவிகளைப் பேணி வந்த அவர், 1700-ஆம் ஆண்டளவில் இதனைச் செய்தார். அதற்கு முன் வழங்கிய ஹார்ப்சிகார்டு என்னும் கருவியில், கட்டையை அழுத்தினால் ஓர் அலகு தந்தியைச் சுண்டும். விரல் மெல்ல விழுந்தாலும் வலிய விழுந்தாலும் ஒலி ஏறக்குறைய ஒன்றே. கிறிஸ்டோபோரி அலகை நீக்கிச் சிறு சுத்தியலை வைத்தார். சுத்தியல் தந்தியைத் தட்டி உடனே பின்வாங்கும்; ஆகவே விரலின் மென்மையும் வன்மையும் ஒலியில் வெளிப்பட்டன. இன்றைய பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. அவற்றுள் 52 வெள்ளை, 36 கறுப்பு. இருநூற்றுக்கு மேற்பட்ட எஃகுத் தந்திகளின் இழுப்பைத் தாங்க உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் ஒன்று உண்டு.

மரமும் எஃகும் கம்பளமும் சேர்ந்த இக்கருவிக்கு அந்தமான் தட்பவெப்பம் நட்பானதன்று. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இங்குப் பெய்கின்றன. ஆண்டு மழையளவு சுமார் 3,000 மில்லிமீட்டர். ஈரத்தால் மரம் உப்புகிறது. உப்புக் காற்றால் தந்தி துருப்பிடிக்கிறது. சுத்தியலின் கம்பள உறையில் பூஞ்சை படர்கிறது. பொருளைப் பேணுவது கடினமான இத்தீவுகளில், கலை எவ்வாறு நிலைத்தது, எவ்வாறு நிலையாமற் போயிற்று என்பதற்கு இரு சான்றுகள் உள்ளன.

ஒன்று, ராஸ் தீவு. 1858-இல் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பெற்ற பின்னர், ஆங்கில ஆட்சியின் தலைமையிடம் இச்சிறு தீவில் அமைந்தது. மாதா கோயில், கிளப்பு, டென்னிஸ் ஆடுகளம், ரொட்டி அடுமனை, அச்சகம் என ஐரோப்பிய வாழ்க்கைக்கு வேண்டிய யாவும் அங்கு எழுந்தன. 1941 ஜூன் 26-ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் தீவு சேதமுற்றது. 1942 மார்ச் மாதம் ஜப்பானியர் அந்தமானைக் கைப்பற்றினர். ஆள்வோர் அகன்றதும் அவர்தம் மன்றத்து இசையும் அகன்றது. 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் மாற்றப்பெற்ற அவ்விடத்தில், இன்று ஆலம் விழுதுகளும் அத்தி வேர்களும் சுவர்களைத் தழுவி நிற்கின்றன.

மற்றொன்று, கார் நிக்கோபார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் அங்குள்ள மூஸ் என்னும் ஊரில் பள்ளி நடத்தியவர் வேதப்பன் சாலமோன். இவர் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தமிழர்; சமய போதகராகவும் அரசாங்கப் பிரதிநிதியாகவும் இருந்தவர். இவர் எழுதிய நாட்குறிப்பின் பகுதிகள் இலண்டனில் மானிடவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தன. இவரிடம் பயின்ற சிறுவருள் ஒருவரே பிற்காலத்தில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் என அறியப்பெற்றவர். ரிச்சர்ட்சன் புதிய ஏற்பாட்டை நிக்கோபாரிய மொழியில் பெயர்த்தார். 1952-இல் முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபார் தீவுகளின் சார்பில் நியமிக்கப்பெற்றார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் கார் நிக்கோபாரின் கரையோர ஊர்கள் பல அழிந்தன; கோயில்களும் இடிந்தன. ஆயினும் நிக்கோபார் மக்கள் தம் மொழியில் துதிப்பாடல்களைக் குழுவாகப் பாடும் வழக்கம் அழியவில்லை. கட்டடத்தில் இருந்தது போயிற்று. கற்றவர் நெஞ்சில் இருந்தது நின்றது.

இச்செய்தியை மனத்திற் கொண்டு தமிழ்நாட்டிற்குத் திரும்புவோம். அயல்நாட்டுக் கருவியைத் தமிழர் ஏற்றது புதிதன்று. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில், ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்றார். பின்னர் அதில் கருநாடக இசையை வாசித்தார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைப்பதே அரிதாயிற்று. அதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் மேலைநாட்டு இசையில் ஈடுபாடு கொண்டு, அவ்விசைச் சுவடிகளைத் தம் சரசுவதி மகால் நூலகத்தில் திரட்டினார்.

வயலின் நம் வீட்டுப் பிள்ளையாயிற்று. பியானோ வாசலிலேயே நின்றுவிட்டது. காரணம் யாது? வயலினில் மெட்டுகள் இல்லை. விரல் தந்தியின்மேல் வழுக்கிச் செல்லலாம். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழையலாம். ஓரிடத்திலேயே நின்று அசையலாம். பியானோவிலோ ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே நிலைத்த ஒலி. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக வகுத்துச் சுருதி சேர்க்கிறார்கள்; இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள ஒலிக்கு அங்கு இடமில்லை. தோடி இராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். ஏட்டில் அது சாதாரண காந்தாரம்; பாடகர் குரலிலோ அது அசையாமல் நிற்பதில்லை, தன் அண்டைச் சுரங்களைத் தொட்டு ஊசலாடுகிறது. அந்த ஊசலே தோடி. கட்டையை அழுத்திக் காந்தாரத்தை ஒலித்தால் சுரம் கிடைக்கும், தோடி கிடைக்காது. கமகம் என்னும் உயிர்ப்பைக் கட்டையால் தர இயலாது என்பதே பியானோவின் மீது நம்மவர் கூறும் உண்மையான குறை.

இக்குறையை வானொலியும் எண்ணிப் பார்த்தது. பியானோவின் ஏழை உறவினனாகிய ஹார்மோனியம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்தது. கல்கத்தாவில் துவாரகநாத கோஷ் என்பவர் அதனைத் தரையில் அமர்ந்து வாசிக்கத்தக்க கைப்பெட்டியாக மாற்றினார். அதன் பின்னர் அது பஜனை மடத்திலும் நாடகக் கொட்டகையிலும் குடிபுகுந்தது. அகில இந்திய வானொலியோ 1940 மார்ச் முதல் நாளிலிருந்து ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது. நிலைத்த சுரம் இந்திய இசையைக் கெடுக்கும் என்பதே காரணம். 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது.

இதில் ஒரு வியப்பும் உண்டு. கருநாடக இசைப் பாடகரின் சுருதியை நாம் எவ்வாறு குறிக்கிறோம்? ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, ஐந்து கட்டை என்கிறோம். அந்தக் கட்டை எது? ஹார்மோனியத்தின், பியானோவின் கட்டையே. வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என எண்ணி, இடையிலுள்ள கறுப்புக் கட்டைக்கு அரை சேர்த்து வழங்குகிறோம். கட்டைப் பெட்டியை மேடைக்கு வெளியே நிறுத்திய நம் இசை, தன் குரலை அளக்கும் அளவுகோலாக அதையே கொண்டுள்ளது. அன்னியம் என்று நாம் கருதுவது நம் பேச்சில் எவ்வளவு ஆழமாகக் கலந்திருக்கிறது என்பதற்கு இச்சொல்லே போதிய சான்று.

இனி, வயது பற்றிய முதல் தடைக்கு வருவோம். இங்கு இருவரை நினைவுகூர்தல் வேண்டும்.

ஒருவர் ஏ. எம். சின்னசாமி முதலியார்; எம்.ஏ. பட்டம் பெற்றவர், சென்னை அரசாங்கச் செயலகத்தில் மேற்பார்வையாளர் பதவி வகித்தவர். நம்மைப் போன்ற அலுவலக மனிதர். மேலை இசையின் ஐந்து கோட்டு எழுத்தை நன்கு கற்ற இவர், நம் கீர்த்தனைகளை அவ்வெழுத்தில் பெயர்க்க முற்பட்டார். தியாகராசரின் சீடர் வழியினராகிய வாலாஜாபேட்டையாரிடமிருந்து பாடம் கேட்டு, 1890-களின் தொடக்கத்தில் பகுதி பகுதியாக அச்சிட்டார். ஒரு கீர்த்தனை குருவிடமிருந்து சீடர் செவிக்குச் சென்றால் மட்டும் போதாது. குருவும் சீடரும் இல்லாத இடத்திலும் அது வாழ வேண்டும் என்பது அவர் கருத்து. அப்பணியில் தம் செல்வத்தைச் செலவிட்டார், கண்ணொளியையும் இழந்தார்.

மற்றவர் எட்டயபுரம் சமஸ்தானத்து வித்துவான் சுப்பராம தீட்சிதர். வயலின் பயின்ற பாலுசுவாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரர். அவராலேயே மகனாகச் சுவீகரிக்கப்பெற்றவர். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளும் பழைய இலக்கணங்களும் குடும்பச் சொத்தாக இவரிடம் இருந்தன. 1899-இல் எட்டயபுரம் மன்னரின் பட்டமேற்பு விழாவிற்கு வந்த சின்னசாமி முதலியார், இச்செல்வம் முழுவதையும் எழுதி வெளியிடச் செய்ய வேண்டுமென்று மன்னரிடம் வேண்டினார். தீட்சிதர் 1839-இல் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது அறுபது. இன்றைய மத்திய அரசு ஊழியர் ஓய்வு பெறும் அதே வயது.

வாழ்நாள் முழுதும் வாயால் பாடியும் செவியால் கேட்டும் பழகியதை அறுபதாம் வயதில் எழுத்தாக்குவது எளிதன்று. சுரத்தை எழுதினால் மட்டும் இராகம் வந்துவிடாது. எந்தச் சுரம் அசைய வேண்டும், எது வழுக்க வேண்டும், எது அழுந்த வேண்டும் என்பதற்கெல்லாம் தனித்தனிக் குறிகள் வேண்டும். தீட்சிதர் அக்குறிகளை வகுத்தார். ஒவ்வொரு கீர்த்தனையிலும் அவற்றை இட்டார். அவ்வாறு எழுந்த நூல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சாயிற்று. அப்போது அவர் வயது அறுபத்தைந்து. இரண்டு ஆண்டுகளில், 1906-இல், அவர் காலமானார். அறுபதாம் வயதில், இனி எனக்கு எதற்கு என்று அவர் ஒதுங்கியிருப்பின், முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்களில் பெரும்பகுதி இன்று நமக்கு எவ்வடிவில் கிட்டியிருக்கும் என்று சொல்ல இயலாது. அந்நூலைச் சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் தமிழ் எழுத்தில் பல தொகுதிகளாக வெளியிட்டது.

கட்டையால் தர இயலாத கமகத்தை எழுத்தால் காக்கும் முயற்சிக்குத் தூண்டுதலாக நின்றது, மேலைநாட்டு இசையெழுத்தைக் கற்ற ஓர் அலுவலரின் ஆர்வம் என்பதை நாம் மறத்தலாகாது. மொழிபெயர்ப்பாளர் அறிந்த உண்மை ஒன்று உண்டு: பிற மொழியில் பெயர்க்க முயலும்போதுதான் தன் மொழியில் எது பெயர்க்க இயலாதது என்பது விளங்கும். இசையிலும் அது பொருந்தும்.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதரும் இவ்வரிசையில் நிற்பவர். ஆசிரியப் பணியை விட்டு மருத்துவராகி வாழ்ந்த அவர், கருநாடக இசையோடு மேலை இசையையும் பயின்றார். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். சிலப்பதிகாரத்தில் காணும் பாலைகளை ஆராய்ந்து, ஸ்தாயியைச் சம பங்குகளாக வகுக்கும் முறை பண்டைத் தமிழர்க்கும் உரியதே என்று வாதிட்டார். அம்முடிவை ஏற்காதோர் பலர். ஆயினும், இரண்டு இசைகளைக் கற்றவரே அத்தகைய வினாவை எழுப்ப இயன்றது என்பதை அவர்களும் மறுக்கார்.

முதுமையில் கற்றலைப் பற்றி அறிவியலும் சிறிது கூறுகிறது. அமெரிக்காவில் 60 முதல் 85 வயது வரையுள்ள சிலருக்கு ஆறு மாதம் பியானோ கற்பித்து ஆராய்ந்த முடிவுகள் 2007-இல் வெளிவந்தன. கற்றவர்க்குக் கவனத்தையும் வேகத்தையும் அளக்கும் சில சோதனைகளில் முன்னேற்றம் காணப்பட்டது. குழு சிறியது, ஆதலின் மிகைப்படுத்தல் வேண்டா. அறுபது வயதில் புதிதாகக் கற்க இயலும் என்பதற்கு அது போதும்.

இனி, தொடங்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். அந்தமான் போன்ற ஈரமான ஊர்களில் தந்திப் பியானோவைத் தேடி அலைய வேண்டுவதில்லை. 88 கட்டைகளும், விரலுக்கு உண்மைக் கட்டையின் கனம் தோன்றும் அமைப்பும் உடைய மின் பியானோ போதும். அதற்குச் சுருதி சேர்க்க வேண்டுவதில்லை. செவியில் ஒலிபெருக்கி மாட்டிக்கொண்டால் அண்டை வீட்டாருக்குத் தொல்லையும் இல்லை. பல்லாண்டு தட்டச்சு செய்த விரல்கள் ஒருவகையில் ஆயத்தமானவை; கண் தாளில் இருக்க விரல் தானே இடமறிந்து விழும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. புதியது யாதெனில், இடக்கை ஒரு வழியும் வலக்கை ஒரு வழியும் செல்ல வேண்டும் என்பதே. நாள்தோறும் அரை மணி உழைத்தால் அதுவும் சில திங்களில் வசப்படும். தேர்வு எழுத விரும்புவோர்க்கு இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் படிநிலைத் தேர்வுகள் உண்டு. அவற்றிற்கு உச்ச வயது வரம்பு இல்லை.

முதலில் எதை வாசிப்பது? இதற்கும் தீட்சிதரே வழி வைத்துள்ளார். ஆங்கிலேயரின் வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றிற்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார் முத்துசுவாமி தீட்சிதர். அவை நோட்டுஸ்வரம் எனப்படும். ஆங்கிலேயர் தம் மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. இவை சங்கராபரண மேளத்தில், கமகமின்றி, வெள்ளைக் கட்டைகளிலேயே வாசிக்கத்தக்கன. பியானோ கற்கும் தமிழர்க்கு இதைவிடப் பொருத்தமான முதற்பாடம் அரிது. தோடியை அதில் தேடுவது வீண். கட்டைக்கு இயன்றதைக் கட்டையில் வாசிப்போம், குரலுக்கு உரியதைக் குரலுக்கு விடுவோம்.

இறுதியாக, இம்முயற்சியின் பயன் யாது என்னும் வினா. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களுள் ஏழில் ஒரு பங்கினர்க்குச் சற்று மேற்பட்டோர் தமிழைத் தாய்மொழியாக உடையவர்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பு நாடி வந்தோர், பர்மாவிலிருந்து திரும்பியோர், இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பெற்றோர் என அவர்தம் வழிகள் பல. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரிலாயினும், தில்லியிலாயினும், நாக்பூரிலாயினும், வெளிமாநிலத் தமிழர் இல்லத்து நிலை ஏறத்தாழ ஒன்றே. தாத்தாவும் பாட்டியும் தமிழ் எழுதுவர், பாடுவர். பிள்ளைகள் பேசுவர். பேரப்பிள்ளைகளுட் பலர் இந்தியும் ஆங்கிலமும் படிக்கின்றனர். தமிழ் எழுத்தை அறியார். ஆனால் அவர்களுள் பலர் இசைப் பள்ளிக்குச் சென்று ஐந்து கோட்டு எழுத்தைப் படிக்கின்றனர்.

ஆகவே, அன்பர்களே, உங்கள் தாயார் பாடிய தாலாட்டும், ஊரில் கேட்ட நடவுப் பாட்டும், கும்மியும் உங்களோடு முடிந்துவிடுமோ என்னும் அச்சம் வெற்று அச்சமன்று. அவற்றுள் பல எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவற்றின் மெட்டைப் பேரப்பிள்ளை படிக்கத்தக்க எழுத்தில் குறித்துவைக்க இயலுமாயின், அதற்கென ஓராண்டு பியானோ கற்பது மிகையாகாது. எழுத்தில் அடங்காத வளைவுகளை உங்கள் குரலில் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். பாட்டின் சொற்களைத் தமிழில் எழுதி அருகில் வையுங்கள். மெட்டை வாசித்த பிள்ளை சொல்லைக் கேட்கும். சொல்லைக் கேட்ட பிள்ளை எழுத்தைக் கேட்கும். எட்டயபுரத்து முதியவர் அறுபதாம் வயதில் செய்ததும் இதுவே: தம் வீட்டில் கேட்ட பாட்டை, தம் வீட்டிற்கு வெளியே உள்ளவரும் படிக்கும்படி எழுதி வைத்தார். அவரிடம் இருந்தது பெருஞ்செல்வம். நம்மிடம் இருப்பது ஒரு தாலாட்டாக இருக்கலாம். அதை எழுதி வைப்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது.